பிரேக் வாத்தியாரின் கட்டைவிரல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில், பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் அருகில் இருப்பவர் மிதிப்பதற்காக வைத்தது. அந்த ஒரு பிரேக்கை வைத்தே பத்தொன்பது வருடம் பேர் வாங்கியவர் நம் வாத்தியார். சுவர், கம்பம், குறுக்கே ஓடும் நாய், நடுரோட்டில் கதவைத் திறக்கும் டாக்ஸி என்று எதன் மீதும் அவர் வண்டி உரசியதில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஊர்க்கதை அளப்பார். ஆனால் வலது கால் மட்டும் பிரேக்குக்கு அரை விரற்கடை மேலே, பாயத் தயாரான பூனை மாதிரி நிற்கும். "கண்ணு பார்க்கிறதுக்குள்ள கால் பார்த்துடும்" என்பார். அதனால்தான் அவருக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர்.

அந்தக் காலுக்கே வந்தது வினை.

விடிந்தும் விடியாத ஒரு காலை. கட்டைவிரலின் மேல் போர்வை நுனி உரசியது. அவ்வளவுதான். வாத்தியார் அலறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கி, எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட யாரோ ஊசியால் குத்துவது போல இருந்தது.

"மறுபடியுமா?" என்றார் மனைவி, கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல்.

"ஸ்டூடன்ட் ஒருத்தர் மிதிச்சுட்டார்."

"நாலு வருஷத்துல ஆறு தடவை மிதிச்சுட்டாங்க. ஏங்க, உங்ககிட்ட கார் பழக வர்றாங்களா, உங்க கால்ல நடை பழக வர்றாங்களா?"

ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார். ஒரு வாரத்தில் வலி வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அப்புறம் மறந்துவிடுவார். செருப்பு இறுக்கம், சுளுக்கு, கட்டில் காலில் இடித்தது என்று காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் முதலில் வருடத்துக்கு ஒரு முறை வந்தது, இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஓட்டுநர் பயிற்சி தருகிறவர்களின் உரிமத்தை அந்த ஊரில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை. போக்குவரத்து அலுவலகத்துப் பின்பக்க மைதானத்தில் ஒருவர் வண்டியை வேகமாக ஓட்டுவார். பின் இருக்கையில் அதிகாரி. திடீரென்று விசில் ஊதுவார். பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்து, எதிரே வரிசையாக வைத்திருக்கும் கூம்புகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்றால் அந்த இருக்கை போயிற்று. அவருடைய முறை வர இன்னும் பதினாறு மாதம்தான் இருந்தது.

பயிற்சிப் பள்ளியின் முதலாளி வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். ஒருவரையொருவர் 'மச்சான்' என்று அழைத்துக்கொண்டு நாள் முழுக்க வாரிக்கொள்கிற உறவு. அவர் ஒரு நீளமான குச்சியை வாங்கி, சாலைக் குறிகள் வரைந்த பலகைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

"மச்சான், டெஸ்ட்ல நீ கோட்ட விட்டா இந்தக் குச்சி உனக்குத்தான். நாள் பூரா பலகை முன்னாடி நின்னு 'இது வளைவு, இது மேடு'ன்னு பாடம் எடு."

எல்லாரும் சிரிப்பார்கள். வாத்தியாரும் சிரிப்பார். ஆனால் அந்தக் குச்சி மாட்டியிருக்கும் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்.

அன்று காலையும் இரண்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தொளதொளத்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். முதல் பாடம் ஒரு மேடத்துக்கு. ஐம்பத்திரண்டு வயது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. எவ்வளவு பயந்த நோயாளியாக இருந்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுகிற கை. அதே ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் உடம்பெல்லாம் வியர்த்துவிடும். ஓட்டுநர் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவர்.

கடைத்தெருவில் ஒரு திருப்பம். ஒரு கடைக்காரர் வாசலில் பிளாஸ்டிக் வாளிகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிரேக் என்று நினைத்து மேடம் ஆக்சிலரேட்டரை மிதித்தார். வாத்தியாரின் கால் பாய்ந்தது. பாய்ந்து பெடலைத் தொட்டது. தொட்ட மாத்திரத்தில் உயிர் போகிற வலி. கால் தானாகவே பின்வாங்கிவிட்டது! பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கை பிரேக்கை இழுத்தார். வண்டி சறுக்கிக்கொண்டே போய் வாளிக் கோபுரத்துக்குள் புகுந்தது. சிவப்பு, நீலம், பச்சை வாளிகள் தெருவெங்கும் உருண்டன.

யாருக்கும் அடியில்லை. கடைக்காரர் ஒரு வாளியைத் துரத்திக்கொண்டே கத்தினார்: "வாத்தியாரே! நீங்களுமா?"

அந்த 'நீங்களுமா' இருக்கிறதே, கட்டைவிரல் வலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

வண்டியை ஓரம் கட்டினார்கள். மேடம் தன் தப்பைப் பற்றிப் பேசவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"ஸ்டூடன்ட் ஒருத்தர் மிதிச்சு..."

"தினம் நாப்பது பேரைப் பார்க்கிறேன் சார். மிதிபட்ட கால் இப்படிப் பளபளக்காது. எங்க லேப் மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இப்பவே போறீங்க. நான் ஓட்டல, பயப்படாதீங்க, டாக்ஸி கூப்பிடுறேன்."

டாக்டரம்மா காலைத் தொடக்கூட இல்லை. பார்த்தார், கேட்டார், மறுபடியும் பார்த்தார். முழங்கையைத் திருப்பச் சொன்னார். அங்கே பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. ஜன்னலில் ஊன்றி ஊன்றிக் காய்ப்புக் கட்டியது என்று வாத்தியார் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்த முடிச்சு.

"டீயில அளவுக்கு மேல சக்கரை போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அடியில தங்கும்."

"டீ ஆறிப்போனா?"

"இன்னும் தங்கும்."

"அதேதான். ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு. எல்லார் உடம்புலயும் ஊறும், கிட்னி வெளியே தள்ளிடும். உங்க கிட்னி தள்ளுறதுல கொஞ்சம் மந்தம். அதனால தேங்குது. தேங்கி, மூட்டுல ஊசி ஊசியா உறையுது. உடம்புலயே ஆறின இடம் எது? கால் கட்டைவிரல். அதனால பெரும்பாலும் அங்கதான் ஆரம்பம். இதுக்குக் கவுட்னு பேரு. முழங்கையில இருக்கிற முடிச்சும் அதே சரக்குதான். உங்க அப்பாவுக்கு இந்த மாதிரி இருந்துச்சா?"

வாத்தியார் யோசித்தார். அப்பா மாதத்துக்கு ஒரு செருப்பு மாற்றுவார். எந்தச் செருப்பும் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவார். பாவம், செருப்பின் மேல் ஒரு குற்றமும் இருந்திருக்காது!

வீக்கத்துக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். மூன்று நாளில் கால் தரையில் பட்டது. "வலி இருக்கிறப்போ டெஸ்ட் பண்ணா சில சமயம் நார்மல்னு காட்டி ஏமாத்திடும்" என்று சொல்லி, முழுக்க ஆறிய பிறகு ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்தது மேடம்தான். ஊசி குத்தியதே தெரியவில்லை. 'இந்தக் கைக்குச் சொந்தக்காரரா அந்த வாளிகளை உருட்டினார்' என்று வாத்தியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. யூரிக் ஆசிட் 9.4. கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைகளின் புண்ணியத்தில் கிட்னியும் லேசாகக் களைத்திருந்தது.

டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று தினமும், வருடக்கணக்கில், யூரிக் ஆசிட்டை இறக்க. இன்னொன்று சின்னது, முதல் ஆறு மாதத்துக்குத் துணைக்கு. "ஆரம்பத்துல மூட்டு வலி திரும்ப வரலாம். வந்தா நிறுத்தக் கூடாது. தோல்ல தடிப்பு, காய்ச்சல்னு வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு ஓடி வாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் வாத்தியார். எங்கே புரிந்தது? அவர் மனசு அப்போது மைதானத்துக் கூம்புகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இனிமேல்தான் அவர் செய்த தப்பு. எதற்கு இரண்டு மாத்திரை, ஒன்று போதாதா என்று சின்ன மாத்திரையை ஒதுக்கிவிட்டார். பெரியதை மட்டும் விழுங்கினார். மூன்றாவது வாரம் முழங்கால் பந்து மாதிரி வீங்கியது.

மச்சானுக்குக் கேட்க வேண்டுமா? "டாக்டர் லிஃப்ட் வெச்சிருக்காங்க போல மச்சான்! கட்டைவிரல்ல இருந்தத முழங்காலுக்கு ஏத்திட்டாங்க. அடுத்த மாசம் இடுப்பு. அப்புறம் நேரா உச்சந்தலைதான்."

அன்றோடு அந்த மாத்திரை அட்டையை வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வீசினார் வாத்தியார். 'விஷம்' என்று ஒரு முடிவு. வலி மாத்திரையிடமே திரும்பிப் போனார். கூம்புகள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தன.

பத்து நாள் கழித்து, மேடத்துக்கு ஏற்றத்தில் வண்டி எடுக்கும் பாடம். மேம்பாலத்துச் சரிவில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் கிளப்ப வேண்டும். பழகுகிறவர்கள் எல்லாருக்கும் எமன் அந்த இடம். கிளட்சை மெதுவாக விடும்போது ஒரு கட்டத்தில் வண்டி கடகடவென்று நடுங்கும். அந்த நடுக்கத்தில் பயந்து, பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய காலை வெடுக்கென்று எடுத்துவிடுவார்கள். வண்டி குலுங்கி அணைந்துவிடும். மேடம் நான்கு தடவை எடுத்தார். நான்கு தடவை அணைந்தது.

வியர்வையைத் துடைக்க ஒரு காகிதம் தேடி மேடம் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை வாத்தியாரின் மடியில் விழுந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"பாதி அப்படியே இருக்கே சார்."

"அது விஷம் மேடம். மூணு வாரம் முழுங்கினேன். முழங்கால் புடிச்சுக்குச்சு. விட்டுட்டேன்."

"கூட ஒரு சின்ன மாத்திரை குடுத்திருப்பாங்களே?"

"அத நான் தொடவே இல்ல."

"ஆரம்பத்துல வலி வரும்னு சொல்லலியா?"

"சொன்னாங்களோ என்னவோ. வலிச்சதுல எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். வாத்தியாருக்கு எரிச்சல். "சரி, அத விடுங்க. வண்டிய எடுங்க. எத்தன தடவ சொல்றது? கிளட்சை விடுறப்போ நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும்! நடுங்குதுன்னா வண்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல, இன்ஜின் புடிச்சிடுச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துல பயந்து காலை எடுத்தா..."

வாய் பாதியில் நின்றுவிட்டது.

மேடம் அவரையே பார்த்தார். "எடுத்தா?"

வாத்தியார் தன் மடியில் கிடந்த அட்டையைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக, ஆயிரக்கணக்கான பேரிடம், ஒரு நாளைக்குப் பத்து தடவை சொன்ன வார்த்தை. அதைத் தன் காதே இன்றுதான் கேட்கிறது.

"நின்னுடும்" என்றார் மெதுவாக.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேடத்துக்குப் பயப்படவே மறந்துவிட்டது. வண்டி நடுங்கியது. கால் அசையவில்லை. நடுங்கி, இருமி, ஒரு பெருமூச்சு விட்டு, வண்டி ஏற்றத்தில் ஏறியது பாருங்கள்!

"சார்! ஏறுது! சார்!"

"ஏறுது, ஏறுது. ரோட்டப் பாருங்க. அப்படியே உங்க லேப்புக்கு விடுங்க."

"அங்க பெரிய சிக்னல்ல திரும்பணுமே, எனக்கு வராதே?"

"இன்னிக்கு வரும்."

வந்தது. டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. அதுதான் ஆச்சரியம். "உங்கள மாதிரி பாதிப் பேர் இங்கதான் விட்டுடுறாங்க" என்றார். "பழசா உறைஞ்சு கிடந்தது கரைய ஆரம்பிச்சா மூட்டுக்குள்ள ஒரு கலவரம் வரும். மருந்து வேலை செய்யுது, அவ்வளவுதான். அந்தக் கலவரத்த அடக்கத்தான் சின்ன மாத்திரை. அதத்தான் நீங்க தூக்கிப் போட்டிருக்கீங்க."

மறுபடியும் முதலிலிருந்து. குறைந்த அளவில் தொடங்கி, பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். "ஆறுக்குக் கீழ கொண்டு வந்து, அங்கயே வெச்சிருக்கணும். அப்பதான் பழசு கரையும், புதுசு உறையாது."

இதற்குள் வீட்டில் வேறொரு புரட்சி நடந்துவிட்டிருந்தது. மனைவி செல்போனில் தேடித் தேடி, சாப்பிடக் கூடாதவை என்று ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார். நாற்பத்திரண்டு அயிட்டம். பருப்பு, கீரை, பட்டாணி, காளான் எல்லாம் குற்றவாளிக் கூண்டில். மிச்சம் இருந்தது சோறும் தண்ணீரும்தான். வாத்தியார் இரண்டு வாரத்தில் இளைத்து, எரிந்து விழும் ஆளாகிவிட்டார். அடுத்த முறை மனைவி பட்டியலோடு டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"பருப்பு சாப்பிடட்டும். கீரை சாப்பிடட்டும். காளான் பாவம், அது யாருக்கு என்ன பண்ணுச்சு? பீர் வேண்டாம். ஈரல் மாதிரி உள்ளுறுப்பு வேண்டாம். கறி, மீன் அளவா. சக்கரை கலந்த பாட்டில் டிரிங்க்ஸ் வேண்டவே வேண்டாம்."

"பாட்டில் டிரிங்க்ஸா?" மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். தினமும் மதியம் இரண்டு பாட்டில் குடிப்பது அன்றுதான் அம்பலமானது. "பட்டியல்ல நாப்பத்திரண்டு எழுதினேன், உங்க திருட்டுத்தனத்த எழுத மறந்துட்டேனே!"

"சாப்பாட்டுல மட்டும் இத ஜெயிக்க முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "அது கை கொடுக்கும். முக்கியமான வேலை மாத்திரையோடது. தண்ணி எவ்வளவு குடிக்கிறார்?"

இங்கேதான் தொழில் ரகசியம் வெளியே வந்தது. ஓட்டுநர் பயிற்சியாளர்கள் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. காலை ஆறிலிருந்து பாடத்துக்கு மேல் பாடம், வண்டியை விட்டு இறங்க முடியாது, நடுவில் எங்கே போய் ஒதுங்குவது? தொண்டை காய்ந்தாலும் காயட்டும் என்று பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறார்.

பயிற்சிப் பள்ளியின் நேர அட்டவணை முழுக்க மனைவியின் கையில். அன்றே பாதையை மாற்றினார். எந்தப் பாடமாக இருந்தாலும் நடுவில் பெட்ரோல் பங்க் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பழகுகிறவர் பின்பக்கமாக வண்டியை நிறுத்திப் பழகுவார்; வாத்தியார் கழிவறைக்குப் போய் வருவார். இதில் ஒரு வேடிக்கை. நாளடைவில் ஊரிலேயே ரிவர்ஸ் பார்க்கிங்கில் வாத்தியாரின் ஆட்களை அடிக்க ஆளில்லை என்று பேராகிவிட்டது!

ஃப்ரிட்ஜில் இருந்த பட்டியல் கிழிந்து போனது. அந்த இடத்தில் வாத்தியார் தன் கையாலேயே ஒரு சாலைக் குறி வரைந்து ஒட்டினார். சிவப்பு வட்டம், நடுவில் 6. வேக வரம்பு ஆறு. அதற்குக் கீழே ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு எண் ஏறியது. 9.4. 8.2. 7.1.

மூன்றாம் மாதம் கணுக்கால் முணுமுணுத்தது. பழைய வாத்தியாராக இருந்தால் அட்டை பறந்திருக்கும். இவர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த அவசர மருந்தை அந்த நிமிடமே போட்டுக்கொண்டு, தினசரி மாத்திரையையும் விழுங்கிவிட்டு, காலை ஒரு தலையணை மேல் வைத்து அதனிடமே பேசினார்: "நடுங்கு. நல்லா நடுங்கு. நான் எடுக்க மாட்டேன்." மூன்று நாளில் அடங்கியது. ஏழாம் மாதம் ஒரு தடவை, அதுவும் ஒரே நாள். அப்புறம் இல்லை. 6.3. பிறகு 5.4!

5.4 வந்த அன்று மனைவி ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று அந்த எண்ணைத் தன் கையால் எழுதினார். எழுதிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "இனிமே யாரும் உங்க கால மிதிக்க மாட்டாங்க இல்ல?" என்று கேட்டார். குரல் கேலியாகத்தான் ஆரம்பித்தது, முடியும்போது அப்படி இல்லை.

மச்சான் விடவில்லை. சனிக்கிழமை மாலை ஒரு பீரை நீட்டிக்கொண்டு வந்தார். "ஆறு மாசமா வலியே இல்ல. இன்னும் எதுக்கு மாத்திரை, இன்னும் எதுக்கு விரதம்? வியாதியே போயிடுச்சு மச்சான்."

"பத்தொன்பது வருஷம் எதுலயும் இடிக்காம இருந்தேனே, அப்ப பிரேக்கக் கழட்டி எடைக்குப் போட்டியா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். பீரைத் தானே குடித்தார்.

பதினாறு மாதம் ஓடிவிட்டது. சோதனை நாள். மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வெயிலில் நின்றன. மனைவியும் மச்சானும் வந்திருந்தார்கள், வாளிக் கடைக்காரர்கூட வந்திருந்தார். மேடமும் வந்திருந்தார், சொந்தக் காரில். ஆமாம், மூன்றாவது முயற்சியில் தேர்ச்சி பெற்று, ஒரு பழைய சின்னக் கார் வாங்கிவிட்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். வாத்தியார் வண்டியை நோக்கி நடந்தார். பத்தடி போயிருப்பார், வலது கட்டைவிரலுக்கு அடியில் சுரீர் என்றது.

நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டார். இன்னொரு அடி வைத்தார். மறுபடியும் சுரீர். இன்றைக்கா? பதினாறு மாதம் காத்திருந்து, இன்றைக்கா?

குனிந்து ஷூவைக் கழற்றினார். கவிழ்த்தார். மைதானத்துக் கூழாங்கல் ஒன்று, உளுந்து அளவுகூட இல்லை, டக்கென்று கீழே விழுந்தது.

வாத்தியார் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! நடு மைதானத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கல்லு! வெறும் கல்லு!" என்று அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

வண்டி கிளம்பியது. இருபது, முப்பது, நாற்பது. கூம்புகள் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தன. கால் பிரேக்குக்கு அரை விரற்கடை மேலே நின்றது.

விசில்.

காது கேட்டதா, கால் கேட்டதா என்று அவருக்கே தெரியாது. முழுப் பாதமும், கட்டைவிரல் முன்னால் நிற்க, பெடலை அடித்தளம் வரை தள்ளியது. டயர்கள் கதறின. புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது முதல் கூம்பு, இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால், ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

பின் இருக்கையில் அதிகாரி தொப்பியைத் தேடினார். "யோவ் வாத்தியாரே, சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?"

"விசில் ஊதினது நீங்கதானே சார்!"

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். புழுதி ஒத்துக்கொள்ளவில்லையாம். பிறகு பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தக் குச்சியை வாத்தியாரிடம் நீட்டினார். "இந்தா, வெச்சுக்கோ. துணி காயப்போட உதவும்."

மனைவி அருகில் வந்தார். வாத்தியாரின் முழங்கையைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார். பட்டாணி இருந்த இடத்தில் வெறும் தோல். அதைப் பிடித்தபடியே நடந்தார்.

வீட்டுக்கு மேடம்தான் கொண்டுபோய் விட்டார். மனைவி பின்னால், வாத்தியார் பழக்கதோஷத்தில் முன்னால், அதே பக்கத்து இருக்கையில். மடியில் முத்திரை குத்திய உரிமம். மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. பச்சை வந்ததும் மேடம் வண்டியை நடுங்க விட்டு, பிடித்து, அலுங்காமல் ஏற்றினார். வானொலியைக்கூட அணைக்கவில்லை.

இறக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். வாத்தியாரின் வலது கால் பாய்ந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டித் தரைவிரிப்பை மிதித்தது.

மேடம் தன் பிரேக்கை மிதித்து வண்டியை நிதானமாக நிறுத்தியிருந்தார். "சார், அங்க பிரேக் கிடையாது. இது என் வண்டி."

"தெரியும் மேடம்" என்றார் வாத்தியார்.

அடுத்த சிக்னலிலும் மிதித்தார். அதற்கு அடுத்த திருப்பத்திலும் மிதித்தார், இந்தத் தடவை வேண்டுமென்றே, கட்டைவிரலை நன்றாக அழுத்தி. வலி இல்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தார்.